சீன நாட்காட்டியின் பின்பக்கம்

அப்பா,

இன்று பின்னேரம் சமையலறைக் கதவருகே புது நாட்காட்டியை மாட்டியபோது உங்கள் சட்டையின் மணம் வந்தது. நல்லெண்ணெய், அன்னாசிப்பூ, பலமுறை பொரித்த எண்ணெய். அதற்குக் கீழே உங்கள் சவர்க்காரமும் இருந்தது போல் தோன்றியது. அதை நானே சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

உள்ளங்கை அகலம், சிவப்பு அட்டை, நாளுக்கு ஒரு மெல்லிய தாள், தாள் நிறையச் சீன எழுத்து. ஒவ்வொரு வருடமும் நீங்கள் வேலைசெய்த சீன உணவகத்தின் ஷெஃப் உங்களுக்குத் தருகிற அதே நாட்காட்டிதான். இந்த முறை அவரே எங்கள் ஊர் அட்லிஸ்வில் வரை ரயில் ஏறிக் கொண்டுவந்தார். தை முதலாம் திகதி தந்திருக்க வேண்டியது, பங்குனி பிறந்துவிட்டது. இரண்டு தரம் புறப்பட்டுப் பாதியில் இறங்கித் திரும்பிப் போனாராம்.

பழைய நாட்காட்டியைக் கழற்ற அம்மா இன்னும் விடவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன கார்த்திகை நாளோடு அது நிற்கிறது. அதனால் புதியதை லாங்ஸ்ட்ராஸ தெருவில் உள்ள தமிழ்க் கடை தந்த நம்முடைய நாட்காட்டிக்கும் பழையதற்கும் நடுவில் மாட்டினேன். மூன்றும் மூன்று திகதி காட்டுகின்றன.

நாளைக் காலை எனக்குக் கிம்னாசியம் என்கிற மேற்படிப்புப் பாடசாலைக்கு நுழைவுத் தேர்வு. படிக்க வேண்டியதைப் படித்து முடித்துவிட்டேன். நித்திரைக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. உங்களுக்கு எழுதலாம் என்று மேசையில் இருக்கிறேன். நம்முடைய ஒரு மணி நேரமும் இந்த மேசையில்தான் கழிந்தது.

நினைவிருக்கிறதா, உங்கள் சிம்மர்ஷ்டுண்ட? மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும் வரை சமையலறைக்காரருக்குக் கிடைக்கிற அந்த இடைவேளையில் மற்றவர்கள் உணவகத்தின் பின்னறையில் கதிரையைச் சாய்த்துத் தூங்குவார்கள். நீங்கள் ரயில் ஏறி வீட்டுக்கு வருவீர்கள். நான் பாடசாலையிலிருந்து வரும்போது தேத்தண்ணியும் திறந்த புத்தகமுமாக இருப்பீர்கள். ஐந்து மணிக்குத் திரும்பவும் அடுப்படியில் நிற்க வேண்டும். "போக வர ரயிலிலேயே பாதி நேரம் போகுது, அங்கையே ஒரு கண் நித்திரை கொள்ளலாம்தானே" என்று அம்மா ஏசுவா. "நித்திரை ஓடிப் போகாது, பிள்ளை வளர்ந்திடும்" என்பீர்கள்.

அந்தப் புத்தகம் ஜெர்மன் மொழியில் எழுதிய சமையற் பாடநூல். பதினெட்டு வருடம் அந்தச் சமையலறையில் வெட்டியும் வதக்கியும் பொரித்தும் உங்கள் சம்பளத் தாளில் 'சமையல் உதவியாள்' என்றே எழுதியிருந்தது. இத்தனை வருடம் வேலைசெய்த பெரியவர்கள் மூன்று வருடம் பாடசாலைக்குப் போகாமலே தொழிற்சோதனை எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, நாற்பத்தொன்பதாவது வயதில் விண்ணப்பம் போட்டீர்கள். சீனச் சமையலில் உங்கள் கையை யாராலும் அசைக்க முடியாது. ஆனால் சோதனையில் இருந்ததோ கன்றுக்குட்டி இறைச்சி, வெண்ணெய்ச் சாஸ், பிரெஞ்சுப் பெயர் வைத்த சூப்புகள். நான் கேள்வி கேட்பேன், நீங்கள் பதில் சொல்வீர்கள். பிழை விட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள், பிழை கண்ணாடியில் இருப்பதைப் போல.

அந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. பெற்றோரைக் கூப்பிட்டு ஆசிரியை பேசிய நாளன்று, என்னைப் பற்றி "ஃப்ளைசிக்" என்று மூன்று முறை சொன்னார். உழைப்பாளி. கிம்னாசியத்துக்கு இப்போது அவசரம் வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது உங்கள் முகம் முழுக்கச் சந்தோஷம்.

"என்ன வடிவான சொல்லுப் பிள்ளை. மூண்டு தரம் சொன்னவா."

"அப்பா, கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு அவை வேற சொல் வைச்சிருக்கினம்."

"அதென்ன?"

"பெகாப்ட். பிறவியிலேயே திறமை உள்ள ஆக்கள்."

அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்க்குள் உருட்டிப் பார்த்தீர்கள். "அதுவும் நல்லாத்தான் கிடக்கு. பேந்து அதையும் வாங்குவம்" என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நீங்கள் பார்க்காதது போல் மறுபக்கம் ஓடிய சீல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த வாரம்தான் அது தொடங்கியது. ஒருநாள் கதவருகே தொங்கிய சீன நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தீர்கள்.

"பிள்ளை, இவ்வளவு புத்தகம் வாசிக்கிறாய். இதிலை என்ன எழுதியிருக்கெண்டு கண்டுபிடி பாப்பம்."

"எனக்குச் சீனம் தெரியாதே."

"எங்கட கலண்டரிலை அடியிலை ஒரு பொன்மொழி வரும்தானே. இதிலையும் வரும். சீனாக்காரர் உழைப்பைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கினமாம். எனக்கு இப்ப அது தேவை."

அம்மாவின் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாளைப் படம் பிடித்தேன். எழுத்து மொழிமாறி வந்தது. 'இன்று நன்று: குளித்தல், வீடு கூட்டுதல். இன்று ஆகாது: அடுப்பு இடம் மாற்றுதல், கிணறு வெட்டுதல்.' அவ்வளவுதான். நம்முடைய நாட்காட்டியில் ராகுகாலம் போடுவதைப் போல அவர்களும் நாளுக்கு நல்லது கெட்டது போட்டிருந்தார்கள். பொன்மொழி ஒன்றும் இல்லை.

வெளியே வந்தேன். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முழங்கைவரை எண்ணெய் தெறித்த சிறு புள்ளிகள். உங்களிடம் கிணற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்களைவிட நேரத்துக்கு எழும்புகிறவர்கள் தூரம் போவார்கள்.' ஆசிரியையின் மேல் இருந்த கோபம் அது. நீங்கள் சத்தமாக வாசித்தீர்கள்.

"பாத்தியே, உன்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறான்."

அதற்குப் பிறகு தினமும் ஒன்று. தமிழ்ப் பாடசாலைக்கு ஒரு கட்டுரை எழுதவே ஒரு சனிக்கிழமை முழுவதும் எடுப்பவள், பாடசாலையிலிருந்து வருகிற வழியிலேயே மனதில் எழுதி முடித்துவிட்டு வரத் தொடங்கினேன். உழைப்பு, திறமை, வெற்றி, பொறுமை. ஒரு சீன ஞானிக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று யோசித்துக்கொண்டு நடந்து ஒருமுறை தபால் பெட்டியில் முட்டினேன். சில நாட்களில் ஞானம் வற்றிவிடும். அப்படியொரு நாளில், 'சமையற்காரன் பழுப்புச் சாஸ் பாடத்தை மூன்று முறை வாசிக்க வேண்டும்' என்று எழுதினேன்.

"சீனாவிலையும் உந்தச் சாஸ் இருக்கோ?"

"எல்லா இடமும் இருக்காம்."

"எப்பத்தைய ஆள் உதைச் சொன்னவன்?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி."

"அப்ப சரி. மறுத்துக் கதைக்க ஏலாது."

மூன்று முறை வாசித்தீர்கள் அப்பா. நானும் கூட இருந்து கேட்டேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுவீர்கள். அவை எங்கே போயின என்று நான் கேட்டதில்லை.

செய்முறைச் சோதனை ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது.

உங்கள் வெள்ளிக்கிழமை எங்களுக்குத் தெரியும். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை. அட்லிஸ்வில் முருகனுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் சோதனையில் கன்றுக்குட்டி இறைச்சி. அதைச் சமைக்கலாம், வாயில் வைக்க மாட்டீர்கள். முதல் நாள் முழுவதும் எனக்கு அதே யோசனை. அன்று விடியவே எழும்பினேன், நீங்கள் கத்திப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்றைய தாளைக் கிழித்து, முன்பே மனதில் எழுதி வைத்திருந்ததை எழுதித் தந்தேன். 'பதினெட்டு வருடம் உழைத்த கை உப்பைத் தானே அறியும். நாக்கின் உதவி அதற்குத் தேவையில்லை.'

நின்று வாசித்தீர்கள். என் தலையில் கை வைத்தீர்கள். "போட்டு வாறன் பிள்ளை" என்று போனீர்கள்.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் வாசித்து மொழிபெயர்த்தேன். எழுத்துச் சோதனையில் தேறியிருந்தீர்கள். செய்முறையில், தேறுவதற்கு வேண்டிய நாலுக்குக் கீழே. கத்தி வேலைக்கும் சுத்தத்துக்கும் நல்ல புள்ளிகள். சாஸில் உப்புப் போதாது. அதற்குக் கீழே ஒரு வரி: பரீட்சார்த்தி சமைக்கும்போது ஒருமுறைகூடச் சுவை பார்க்கவில்லை.

"ஒருக்கா நாக்கிலை வைச்சுத் துப்பியிருக்கலாமே. முருகன் என்ன, கரண்டியையோ பாத்துக்கொண்டு நிக்கிறார்?" என்றா அம்மா.

நீங்கள் கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூடச் சுவை பார்க்கவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒருவர் சொன்னதாக நம்பி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உழைத்தால் கிடைக்கும், உழைத்தால் கிடைக்கும் என்று நூறு தாளில் எழுதியிருக்கிறேன். உங்களைவிட உழைத்தவர் யார்? உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

மூன்று நாள் எழுதவில்லை. வயிற்று வலி என்று அறையிலேயே இருந்தேன். நீங்களும் தாளைக் கிழிக்கவில்லை. நாலாம் நாள் கதவைத் தட்டினீர்கள்.

"சீனாக்காரனுக்கு எங்களோடை என்ன கோபமோ? மூண்டு நாளாக் கதைக்கிறான் இல்லை."

அன்றைய தாள் உங்கள் கையில் இருந்தது. வாங்கிக்கொண்டு அம்மாவின் தொலைபேசியில் பார்த்தேன். என்ன வந்ததோ அதை அப்படியே எழுதினேன். 'இன்று தலைமயிர் வெட்ட நன்று. வலை பின்ன நன்று. கிணறு வெட்ட ஆகாது.' நீங்கள் திட்டுவீர்கள், முந்தையவை எல்லாம் என்ன என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

வாசித்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"இண்டைக்குத்தான் உவன் சரியாக் கதைச்சிருக்கிறான்."

அன்று ஒரு ரயில் முந்திப் போய் லாங்ஸ்ட்ராஸ சலூனில் தலைமயிர் வெட்டிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். அடுத்த நாள் பார்த்தபோது பாடசாலைப் பையன் மாதிரி இருந்தீர்கள். காதுகள் இரண்டும் வெளியே தெரிந்தன. அதே கிழமை திரும்பவும் விண்ணப்பப் படிவத்தை மேசையில் விரித்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் பொய் எழுதவில்லை. தாளில் என்ன இருந்ததோ அதுதான். வீடு கூட்ட நல்ல நாளென்றால் நீங்களே தும்புத்தடியை எடுப்பீர்கள். உறவினரைக் காண ஆகாத நாளென்றால் அத்தை வீட்டுக்குப் போகாமல் இருக்க உங்களுக்கு அது காணும். "நான் என்ன செய்ய, சீனாக்காரன் விடமாட்டான் எண்டுறான்" என்று அம்மாவிடம் கைவிரிப்பீர்கள். கிணறு வெட்ட ஆகாத நாட்களில் மட்டும், "அப்பாடா, ஒரு வேலை மிச்சம்" என்று படிக்க உட்காருவீர்கள்.

அடுத்த வருடம் வியாழக்கிழமை ஒன்றில் சோதனை. தேறினீர்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டாமல் பாடநூலுக்குள்ளேயே வைத்தீர்கள். சம்பளத் தாளில் 'சமையற்காரர்' என்று வந்த முதல் மாதம், அந்த ஒரு சொல்லை மட்டும் எனக்கு விரலால் காட்டினீர்கள். ஒரு வருடமும் சில மாதங்களும் அந்தச் சொல்லோடு இருந்தீர்கள். பிறகு கார்த்திகை, ஆஸ்பத்திரி, மூன்று கிழமை.

அந்த வெள்ளிக்கிழமைத் தாளைப் பற்றி நான் உங்களிடம் கேட்கவேயில்லை அப்பா. கேட்கலாம், கேட்கலாம் என்று வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒருநாள் கேட்கத் தொடங்கினேன், மருந்து மாற்ற ஆள் வந்துவிட்டார்.

இன்று ஷெஃப் நாட்காட்டியோடு தேயிலை வருகிற ஒரு தகர ரின்னும் கொண்டுவந்தார். உணவகத்தில் உங்கள் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது கிடைத்ததாம். சிம்மர்ஷ்டுண்டவில் வந்திருந்தார், அதே எண்ணெய் மணத்தோடு, நீங்கள் இருக்கிற கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அவருடைய உடைந்த ஜெர்மனுக்கு நடுவில் "கெதியா", "காணும்", "காணாது" என்று உங்கள் தமிழ் வந்தது.

ரின்னைத் திறந்தேன். என் தாள்கள். எல்லாம். திகதிப்படி அடுக்கி ரப்பர் பட்டி போட்டு வைத்திருந்தீர்கள்.

அவரிடம் சொல்லிவிட்டேன். இவை எல்லாம் நான் இட்டுக்கட்டியவை, அப்பா உண்மை என்று நம்பினார், சுவை பார்க்க வேண்டாம் என்று நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அழுதபடி சொன்னதால் அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

முதல் கிழமையே நீங்கள் தாளைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினீர்களாம். அவர் வாசித்துச் சொன்னாராம்: குளித்தல், வீடு கூட்டுதல், அடுப்பு, கிணறு. நீங்கள் அரிசி மூட்டையில் குந்தி இருந்து சிரித்தீர்களாம். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, நான் எழுதியதை அவருக்கு ஜெர்மனில் சொல்லிக் காட்டினீர்களாம். அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு, அடுப்பு மூட்டுவதற்கு முன், "இன்றைக்கு உன்னுடைய சீனாக்காரி என்ன சொல்கிறாள்?" என்று அவர் கேட்பதும் நீங்கள் சொல்வதும் வழக்கமாம்.

"அப்படியானால் ஏன் சுவை பார்க்கவில்லை?" என்று கேட்டேன்.

ஷெஃப் தன் நாக்கை நீட்டி, விரலால் தொட்டுக் காட்டினார். பதினெட்டு வருடமும் வெள்ளிக்கிழமைகளில் இதுதான் உங்கள் நாக்கு என்றார். நீங்கள் கரண்டியை அவர் பக்கம் நீட்டி, "உப்புக் காணுமோ, இன்னும் போடவோ?" என்று தமிழில் கேட்பீர்களாம். அவர் "காணும்" என்றோ "காணாது" என்றோ தமிழில் சொல்வாராம். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. சோதனையன்று அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடம் வரை வந்தாராம். உள்ளே விடவில்லை.

"அன்றைக்கு அவருடைய நாக்கு ட்ராம் தரிப்பிடத்தில் நின்றது" என்றார். "நான்கு மணி நேரம். குளிர்."

அம்மா சிரித்தா. அழுதா. எது முதலில் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகு அந்த வெள்ளிக்கிழமைத் தாளைத் தேடி எடுத்தேன். என் எழுத்து, நல்ல வடிவான எழுத்து, அன்று கவனமாக எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே பென்சிலால் உங்கள் எழுத்து. எனக்காக எழுதியதல்ல, கடைச் சாமான் பட்டியலில் எழுதுவதைப் போல எழுதியிருந்தீர்கள்.

'அடுத்த முறை வியாழக்கிழமை கேட்க வேண்டும்.'

அவ்வளவுதான் அப்பா. இரண்டு வருடத்துக்கு மேலாக நான் தூக்கித் திரிந்ததற்கு உங்களிடம் ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. யாரிலும் பிழை இல்லை, வெள்ளிக்கிழமைதான் பிழை. வியாழக்கிழமை கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். அது குருவுக்கு உகந்த நாள் என்று அத்தைக்குச் சொன்னதை நானும் நம்பினேன்.

ரின்னை மேசையில் கவிழ்த்து எல்லாவற்றையும் வாசித்தேன். உழைப்பைப் பற்றியும் திறமையைப் பற்றியும் எவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறேன்! இன்று அப்படி எழுத எனக்குத் துணிவில்லை. பொய் எழுதாத தாள்களில் வெற்றி என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மூலைகளில் எண்ணெய்க் கறை அதிகம் உள்ளவை அவைதான். அவற்றையும் அடுப்படியில் வைத்து வாசித்திருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான்தான் சமைக்கிறேன். அன்று அம்மா வேலையால் வர ஆறு மணியாகும். பருப்பில் ஒரு கரண்டி எடுத்து, இனிக் கதவுப் பக்கம் ஒருமுறை நீட்டிவிட்டு, பிறகு நானே வாயில் வைப்பேன். நல்ல வேளை, எனக்கு விரதம் இல்லை.

புது நாட்காட்டியில் தை, மாசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கிழித்து நாளைக்கு வந்து சேர்ந்தேன். அறுபதுக்கு மேற்பட்ட தாள்கள். ஒன்றையும் எறியவில்லை, பின்பக்கம் எல்லாம் வெறுமையாக இருக்கிறது. பாடசாலைக்குப் போக நன்று என்று இருக்குமோ என்று ஆசையாக அம்மாவின் தொலைபேசியில் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. குளிக்க நல்ல நாளாம். வலை பின்னலாம். கிணறு வெட்டக் கூடாதாம்.

அப்பாடா, ஒரு வேலை மிச்சம். காலையில் குளித்துவிட்டுப் போகிறேன்.